சுடாத டப்பா

சங்குமுனைக் கடற்கரையில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று. அங்கே ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியும் காவியும் கண்ணுக்குள் வந்தால் தயவுசெய்து துடைத்துவிடுங்கள். இவர் நாற்பது வயதுப் பெண். பெயர் வியாகுலமேரி. பகலில் பாலிடெக்னிக்கில் ரேடியோ பாடம், சாயங்காலம் பட்டறையில் சால்டரிங் அயர்ன். ஊரே அவரை டீச்சர் என்றது. குரு என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

சீடர் கஸ்பார், குருவைவிட வயதில் ரொம்ப மூத்தவர். கப்பலில் ரேடியோ ஆபீசராக உலகமெல்லாம் சுற்றி, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். அவர் குருவை டீச்சர் என்பார். குரு அவரை அண்ணே என்பார். இந்தக் குருகுலத்தில் அப்படித்தான்.

இந்த வயதில் அவர் எதற்குப் படிக்க வந்தார் என்றால், எல்லாம் தம்பி சிலுவையால்தான்.

போன வருஷம் சிலுவையின் படகு நடுக்கடலில் எஞ்சின் நின்று போனது. படகில் அபாய டப்பா ஒன்று இருந்தது. ஆபத்தில் பொத்தானை அமுக்கினால் 'பீப் பீப்' என்று கரையைக் கூப்பிடும் சின்ன டிரான்ஸ்மிட்டர். சிலுவை அமுக்கினான். டப்பாவும் கூப்பிட்டது. ஒரு நாள் கூப்பிட்டது. தேடிப்போன படகுகள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் போவதற்குள் பேட்டரி செத்தது. அப்புறம் எந்தத் திசையில் போவது? திரும்பி வந்துவிட்டார்கள். ஏதோ ஒரு சரக்குக் கப்பல்காரன் கண்ணில் பட்டதால் சிலுவை பிழைத்தான்.

உயிர் பிழைத்தானே தவிர, ஆள் பழைய ஆள் இல்லை. கடல் பக்கமே திரும்ப மாட்டான். கரைக்கு வந்தாலும் முதுகைக் காட்டித்தான் உட்காருவான். கஸ்பாருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரியும்.

அந்தச் செத்த டப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் அவர் முதன்முதலில் பட்டறைக்கு வந்தார்.

"டீச்சர், இது ஏன் ஒரே நாள்ல செத்துச்சு?"

டீச்சர் டப்பாவைத் திறந்து பார்த்தார். புதுப் பேட்டரி ஒன்றை மாட்டி ஓடவிட்டார்.

"அண்ணே, அந்த டிரான்சிஸ்டர் மேல கை வைங்க."

கஸ்பார் வைத்தார். வைத்த வேகத்தில் கையை உதறினார்.

"அம்மாடி! தோசைக்கல்லு மாதிரில்லா இருக்கு!"

"சூடு கரைக்குப் போயிச் சேருமாண்ணே?"

"சூடு எப்படிப் போவும்? சத்தம்தான் போவும்."

"அப்போ பேட்டரியில இருந்து யாருக்குச் சாப்பாடு போவுது?"

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. தம்பி நடுக்கடலில் நாக்கு வறண்டு கிடந்தபோது, இருந்த கொஞ்சநஞ்சச் சக்தியில் முக்கால்வாசி அந்த டப்பாவையே சூடாக்கிக்கொண்டு வீணாய்ப் போயிருக்கிறது. அவர் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். புது டப்பா செய்யாமல் விடுவதில்லை.

ஊர் கமிட்டித் தலைவர் தொம்மையிடம் போய்ச் சொன்னார். தொம்மை நல்ல மனுஷர், ஆனால் வாயில் வெல்லம் கிடையாது.

"கச்சான் காத்து ஆரம்பிக்கதுக்குள்ள செஞ்சு காட்டும்" என்றார். கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று. எஞ்சின் நின்ற படகைக் கரையிலிருந்து தள்ளித் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். "வெள்ளிக்கிழமை மத்தியானம் மிதவையில கட்டிக் கடல்ல விடுவோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மணி அடிக்கும்போதும் சத்தம் கேக்கணும். கேட்டா எல்லாப் படகுலயும் வைப்போம். கேக்கலைன்னா இனிமே டப்பா கிப்பான்னு யாரும் என்கிட்ட வரப்படாது."

"கொஞ்சம் பெரிய பேட்டரியா வச்சிக்கிடட்டுமா?"

"வையும். பயலுவ ஐஸ் பெட்டிக்கு இடம் பத்தலைன்னு அதைத் தூக்கிக் கரையிலயே வச்சிட்டுப் போயிருவானுவ. கைக்குள்ள அடங்குற பேட்டரின்னா வையும்."

"சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சா..."

"குறைச்சா கரைக்குக் கேக்குமா?"

கேட்காது. ஆக, பேட்டரி பெரிதாகக் கூடாது, சத்தம் குறையக் கூடாது. ஆனால் இரண்டு மடங்கு நேரம் உழைக்க வேண்டும். இதுதான் கஸ்பார் தலையில் விழுந்த வேலை. அனுமதி வாங்க அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது தனிக்கதை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

மறுவாரம் அவர் ஒரு டப்பாவோடு வந்தார். முகத்தில் அப்படியொரு பெருமை.

"டீச்சர், இப்போ கை வைங்க. சுடுதான்னு பாருங்க."

டீச்சர் கை வைத்தார். சுடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். டிரான்சிஸ்டரின் முதுகில் விரல் விரலாகப் பிளந்த அலுமினியப் பாளம் ஒன்று. அதற்கு எதிரே கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய குட்டி விசிறி, விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சர் டப்பாவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாக் காத்து வருதுண்ணே."

கஸ்பார் சிரித்தார்.

"விசிறி எதுல ஓடுது?"

"பேட்டரியிலதான்..." என்று சொல்லி முடிப்பதற்குள் கஸ்பாரின் சிரிப்பு நின்றது. வீணாகும் சக்தியை ஆற்றுவதற்கு இன்னும் கொஞ்சம் சக்தியைச் செலவு பண்ணியிருக்கிறார்! தலையில் அடித்துக்கொண்டார். விசிறியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மனுஷர் லேசில் விடுகிறவர் இல்லை. பழைய புத்தகங்களையெல்லாம் பரப்பிப் போட்டு உட்கார்ந்தார். டிரான்சிஸ்டர் என்பது ஒரு கதவு. அதைப் பாதி திறந்து பாதி மூடி வைத்து வேலை வாங்குவதால்தான் அது காய்கிறது என்று பிடித்தார். திறந்தால் முழுக்கத் திற, மூடினால் முழுக்க மூடு. அப்படியே சர்க்யூட்டை மாற்றினார். சூடு பாதியாகக் குறைந்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் பாதி பாக்கி இருக்கிறதே.

அந்தப் பாதியைப் போக்க அவர் செய்தது ஒன்றுதான். கதவை இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அடித்துத் திறந்தார். டிரான்சிஸ்டர் புகைந்தது. வேறொன்று போட்டார். அதுவும் புகைந்தது. செத்த டிரான்சிஸ்டர்களைப் போட்டுவைத்த பிஸ்கட் டின் நிரம்பிக்கொண்டே வந்தது. வீடு முழுக்கக் கருகல் வாடை. அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணு டப்பா இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

கஸ்பார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"டீச்சர், முழுசாத் தொறக்கேன், முழுசா மூடுதேன். நடுவுல நிக்கவே விடலை. பின்னே சூடு எங்க இருந்து வருது?"

"எவ்வளவு பலமாத் தொறக்கீங்க?"

"என்னால முடிஞ்ச மட்டும்."

டீச்சர் எழுந்தார். வாசலுக்கு வெளியே பார்த்தார். கடலிலிருந்து ஒரு வள்ளம் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணே. ஒரு கை குடுத்துட்டு வருவோம்."

"இப்போவா?"

"இப்போதான்."

வள்ளத்தின் மூக்கு மணலில் தட்டி நின்றது. நாலைந்து பேர் தண்ணீரில் குதித்திருந்தார்கள். கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் தோளைக் கொடுத்தார். கொடுத்த கையோடு தள்ளினார். கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளினார். வள்ளம் அசையவே இல்லை. கால்தான் மணலில் புதைந்தது.

"கப்பல்காரரே, பார்த்து! இடுப்பு பிடிச்சிக்கிடப் போவுது" என்று ஒருவன் சிரித்தான். கப்பலை யாரும் கரையில் தள்ளி ஏற்றுவதில்லை. கஸ்பாருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தார். சேலையைச் சொருகிக்கொண்டு, வள்ளத்தின் மேல் ஒரு கையை வைத்திருந்தார். அவ்வளவுதான். தள்ளவில்லை.

"ஏண்ணே நகரலை?"

"கனம், டீச்சர்! சும்மாவா?" கஸ்பாருக்கு மூச்சு வாங்கியது.

"ம்."

பின்னால் ஓர் அலை எழுந்து வந்தது. வள்ளத்துக்கு அடியில் புகுந்தது. வள்ளம் லேசாகத் தூக்கிக்கொண்டது. டீச்சர் கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். மற்றவர்களும் தள்ளினார்கள். வழுக்கிக்கொண்டு போய் வள்ளம் மணலில் ஏறி உட்கார்ந்தது. கஸ்பார் தள்ளிக்கொண்டிருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. முகம் குப்புற அதில் விழுந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து கேட்டார்.

"கனம் எங்கண்ணே போச்சு?"

கஸ்பார் எழுந்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே வாயைப் பிளந்துகொண்டு வள்ளத்தைப் பார்த்தார். அப்புறம் கடலைப் பார்த்தார். அப்புறம் ஒரு கத்துக் கத்தினார்.

"வோல்டேஜ்!"

வள்ளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர், நான் வோல்டேஜ் உச்சியில நிக்கும்போது கதவைத் தொறக்கேன்! அவ்வளவு கனமும் டிரான்சிஸ்டர் தலையில வந்து விழுது! அது தானா எறங்கித் தரை தட்டுற நேரம் பார்த்துத் தொறந்தா..."

சொல்லி முடிக்கவில்லை. ஈர வேட்டி காலைத் தட்டத் தட்டப் பட்டறைக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடியதை ஊர் பார்த்ததில்லை.

ஆனால் காத்திருந்தால் கடலலை தானாக வரும். சர்க்யூட்டில் அப்படி வராது. நாம்தான் வரவழைக்க வேண்டும். காயில் என்ற கம்பிச் சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் தங்களுக்குள் ஊஞ்சல் ஆடி, சரியான கணத்தில் வோல்டேஜைத் தரைக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, கொண்டுவர வேண்டும். ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கான தடவை. கஸ்பார் கெப்பாசிட்டரை மாற்றினார். காயிலை அவிழ்த்துச் சுற்றினார். வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் பச்சைக் கோடு வளைந்து இறங்கியது, ஆனால் தரையைத் தொடவில்லை. விரலால் காயிலை லேசாக அழுத்தினார். கோடு போய்த் தரையில் படுத்தது.

"வந்துட்டு! டீச்சர், வந்துட்டு!"

டீச்சர் பார்த்தார். "கையை எடுங்கண்ணே."

கையை எடுத்தார். கோடு மேலே போய்விட்டது. மறுபடி விரலை வைத்தார். இறங்கியது. எடுத்தார். ஏறியது. மனுஷ விரலும் அந்த சர்க்யூட்டில் ஒரு பாகமாகிவிட்டிருந்தது.

"நீங்களும் டப்பாவுக்குள்ள உக்காந்து கடலுக்குப் போவப் போறீங்களா?"

கஸ்பாருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. டீச்சர் தன் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் சீப்பை எடுத்து அவர் முன்னால் போட்டார். கஸ்பார் புரிந்துகொண்டார்; பிளாஸ்டிக் விரல் மாதிரி சர்க்யூட்டோடு சேராது. கையால் தொடாமல், சீப்பின் பல்லால் காயிலின் சுற்றுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கொஞ்சம் நெருக்கினார். கொஞ்சம் விலக்கினார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

கோடு மெல்ல வளைந்து இறங்கியது. இறங்கி, தரையைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே நின்றது. சீப்பை எடுத்தார். அப்போதும் நின்றது.

கஸ்பார் டிரான்சிஸ்டர் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தார். பேட்டரியின் செலவைக் காட்டும் அம்மீட்டர் முள், முன்பு காட்டியதில் பாதிக்கும் கீழே கிடந்தது. வெளியே போகிற சத்தம் இம்மியும் குறையவில்லை.

"சுடலை டீச்சர்" என்றார். "சுடலையே! மாதா மேல சத்தியமாச் சுடலை!"

டீச்சரும் விரலை வைத்துப் பார்த்தார்.

"ம். டீ சொல்லட்டுமாண்ணே?"

அவ்வளவுதான் பாராட்டு. கஸ்பாருக்கு அதுவே பட்டம் வாங்கின மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. உச்சி வெயிலில் டப்பாவை மிதவையில் கட்டி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு வந்தார்கள். கோவிலுக்கு முன்னால் ஒரு மேசை. மேசை மேல் ரிசீவர். பீப், பீப், பீப். வந்தவர் போனவரெல்லாம் நின்று காது கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் அதே மாதிரி கத்திக்கொண்டு ஓடினார்கள். கஸ்பார் சாப்பிடவும் வீட்டுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தாண்டியது. பழைய டப்பா செத்த நேரம் அது. கஸ்பார் ரிசீவரிடம் காதைக் கொண்டுபோனார். பீப், பீப் என்று புது டப்பா அது பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "பரவாயில்லையே" என்றார் தொம்மை. அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று மாறியது. கடல் பொங்க ஆரம்பித்தது. உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. வெளியே மேசையைச் சுற்றிப் பாதி ஊர் நின்றது. பூசை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும், ரிசீவர் திடீரென்று ஊமையாகிவிட்டது.

கஸ்பார் ரிசீவரைத் தட்டினார். வயரை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"போச்சு" என்றான் ஒருவன்.

"எவம்ல அது, போச்சுங்கிறது!" என்று கஸ்பார் சீறினார். சீறிவிட்டு மறுபடியும் வயரை இழுத்தார். கூட்டத்துக்குப் பின்னால், கோவில் சுவரில் சாய்ந்துகொண்டு சிலுவை உட்கார்ந்திருந்தான். வழக்கம்போலக் கடலுக்கு முதுகு. கஸ்பாரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கோவிலுக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"டீச்சர், நின்னுட்டு" என்றார் கஸ்பார். சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

டீச்சர் கடலைப் பார்த்தார். "ஏரியல் என்ன உயரம்ணே?"

"ஒரு முழம்."

"அலை?"

கஸ்பார் திரும்பினார். பெரிய பெரிய அலைகள். மிதவை அலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடந்தால் ஏரியலின் சத்தம் எப்படிக் கரைக்கு வரும்? அவர் வாய்க்குள் செபம் சொல்ல ஆரம்பித்தார்.

பீப்.

எல்லாரும் குனிந்தார்கள்.

பீப். பீப். அப்புறம் ஒரு மௌனம். அப்புறம் பீப், பீப், பீப், பீப் என்று கணீரென்று, வெள்ளிக்கிழமை கேட்ட அதே பலத்தில் வந்தது.

அதற்கு மேலேயே கோவில் மணியும் அடித்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? விசில் பறந்தது. எங்கிருந்தோ பறை வந்தது. திருவிழாவுக்கு வைத்திருந்த வெடிக்கட்டை ஒருவன் கொளுத்திப் போட, பாதிரியார் வாசலிலிருந்து கத்த, அவரையும் யாரோ இழுத்துக் கூட்டத்துக்குள் விட்டார்கள். தொம்மை தன் தோள் துண்டை எடுத்துக் கஸ்பாருக்குப் போர்த்தினார். "எல்லாப் படகுலயும் வைக்கோம் ஓய்! எல்லாப் படகுலயும்!" என்று அவர் கத்தியது பறைச் சத்தத்துக்கு மேல் கேட்டது. கஸ்பாரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்தப் பெரிய மனுஷர் மேலே உட்கார்ந்துகொண்டு கேவிக் கேவி அழுதார், சிரித்தார், எதிரில் வந்தவர்களையெல்லாம் முத்தமிட்டார். கருகல் வாடைக்கு மூக்கைப் பொத்திய மனைவி, "என் வீட்டுக்காரராக்கும்!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழே இறக்கிவிட்டதும் கஸ்பார் நேரே டீச்சரிடம் ஓடினார். மேசை மேல் ரிசீவர் இன்னும் பீப், பீப் என்றுகொண்டிருந்தது.

"டீச்சர், கேக்குதா? பேட்டரியில இன்னும் சத்து இருக்கு! எடுக்க வேண்டாம். அப்படியே கடல்ல விட்டு வைப்போம். எப்போதான் சாவுதுன்னு பார்த்துருவோமே! இதை மாதிரி ஒரு டப்பா எவனும் செஞ்சிருக்க மாட்டான். சாவுற வரைக்கும் விட்டுப் பார்ப்போமா?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. கஸ்பார் அவர் பார்த்த பக்கம் திரும்பினார்.

சிலுவை எழுந்து நின்றிருந்தான். கூட்டம், பறை, வெடி எதுவும் அவன் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. ரிசீவரின் ஒவ்வொரு பீப்புக்கும் அவன் உதடு துடித்தது. முகம் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"அண்ணே" என்றார் டீச்சர். "கூப்பிட்டுக்கிட்டு இருக்கவனைக் கரையில நின்னு எத்தனை நேரம் தாங்குவான்னா பாப்பாங்க? தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போயி எடுத்துட்டு வாங்க."